லைட் குக்கிங்கும் என் டாக்கோ கறிபாப்பும்

1

யோசனை வந்தது சிங்கப்பூரில், பிடோக் சூப்பர்மார்க்கெட்டில், ‘உலக உணவுகள்’ என்று எழுதியிருக்கும் வரிசையில். நான் அங்கே டாக்கோ வாங்கப் போகவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது, அந்த வரிசையில்தான் ஏசி நன்றாக அடிக்கும். சும்மா நிற்பது அசிங்கமாக இருக்குமே என்று கைக்கு எட்டிய டாக்கோ மசாலாப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் படித்தேன். சீரகம், காய்ந்த மிளகாய், மல்லி, பூண்டு, வெங்காயம், உப்பு.

மறுபடியும் படித்தேன். இதை எனக்குத் தெரியும். கோவில்பட்டியில் அம்மா வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, எனக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய குழம்புத் தூளுக்கு உறவுக்காரன் இவன். தலையில் பெரிய வட்டத் தொப்பி வைத்துக்கொண்டு இங்கே மெக்சிகோக்காரனாக நிற்கிறான். பொட்டலத்தின் மேல் தொப்பிப் படமே போட்டிருந்தார்கள்.

ஒரு பொட்டலம் மசாலாவுக்கு இவ்வளவு பரவசம் எதற்கு என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். சிங்கப்பூரில் அறை தேடி அலைந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். இங்கே வாடகைக்கு வரும் பெண்ணிடம் வேலை என்ன, ஊர் என்ன என்பதற்கெல்லாம் முன்னால் கேட்பது, “சமைப்பீங்களா?” அறை விளம்பரங்களில் ‘லைட் குக்கிங் மட்டும்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த லைட் எவ்வளவு லைட் என்பதற்கு இந்தத் தீவில் இன்னும் அளவுகோல் வரவில்லை. எதற்கெல்லாமோ செயலி கண்டுபிடித்த ஊர் இது. நான் இருந்த முதல் வீட்டில் லைட் குக்கிங் என்றால் கெட்டிலில் வெந்நீர். இரண்டாவது வீட்டில் முட்டையை அவிக்கலாம், உடைத்து ஊற்றக் கூடாது.

மூன்றாவது வீடு தெரசா ஆன்ட்டியுடையது. தமிழ் வீடு என்றதும் பெட்டியோடு துள்ளிக்கொண்டு போனேன். ஆன்ட்டி செம்பவாங்கில் பிறந்தவர், அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். கணவர் இறந்தபின் பிடோக் வீட்டில் தனியாக இருக்கிறார். என்னை வரவேற்றபோது ஒரு கையில் கரண்டி, அடுப்பில் சம்பால் பிலாச்சான் என்கிற இறால் மிளகாய் விழுது. அந்த இறால் வாசனை என்னை லிஃப்டிலேயே வந்து சந்தித்திருந்தது.

“லைட் குக்கிங் தான் மா. மேகி ஓகே, ஆம்லெட் ஓகே. தாளிக்கிறது, பொரிக்கிறது, கொழம்பு கொதிக்க விடுறது வேண்டாம்லா. இந்தியாக்காரங்க மசாலா ஸ்மெல் கர்ட்டன்ல புடிச்சுக்கிட்டா போகவே போகாது.”

“ஆன்ட்டி, நீங்களும்...”

“நான் சிங்கப்பூரியன் மா.”

வாணலியில் இருந்த சம்பாலும் சிங்கப்பூரியன்தான் போலிருக்கிறது. அதற்கு வீசும் உரிமை இருந்தது. என் சீரகம் வேலை அனுமதிச் சீட்டில் வந்த சீரகம். அன்றிரவே அம்மா தந்த குழம்புத் தூளைப் பைக்குள் பை போட்டு, துண்டில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். 

அப்படி ஓராண்டு போய்விட்டது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வந்தது. ஆன்ட்டியின் தோழி பிலோ ஆன்ட்டி எனக்குப் போட்டியாக ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவைத்திருந்தார். அந்தப் பெண்ணின் தகுதி ஒன்றே ஒன்றுதான்: சமைக்கவே சமைக்காது. நான் பட்டம், மேற்பட்டம் எல்லாம் வாங்கியவள். அடுப்பைத் தொடாத ஒரு பெண்ணோடு என்னால் எப்படிப் போட்டி போட முடியும்? மறுபடி அறை தேடி, மறுபடி “சமைப்பீங்களா?” கேள்விக்குப் பொய் சொல்லி, மறுபடி கெட்டிலோடு குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்லை.

அந்த நிலையில்தான் தொப்பிக்காரன் கையில் கிடைத்தான். ஆன்ட்டியின் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஓர் ஏர் ஃபிரையர் தூங்கிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. மகள் ஷெரில் வாங்கிக் கொடுத்தது. ஆன்ட்டி அதன்மேல் டிஷ்யூப் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார். சட்டப்படி யோசித்துப் பார்த்தேன். தாளிப்பு இல்லை. கொதிப்பு இல்லை. பொரிப்பு பெயரில் மட்டும்தான், உள்ளே வெறும் சூட்டுக் காற்று. இங்கே பிராட்டா என்று உறையவைத்து விற்கும் பரோட்டா மாவுக்குள் டாக்கோ மசாலா போட்ட கறியை வைத்து, இந்த ஊர்க் கறிபாப் போல மடித்துச் சுட்டால், எந்தப் பிரிவின்கீழும் என்மேல் வழக்குப் போட முடியாது.

2

முதல் நாள் வழக்குப் போட்டிருக்கலாம்.

ஏர் ஃபிரையருக்குள் வெறும் காகிதத்தை விரித்துச் சூடேற்றக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே அடிப்பது புயல். காகிதம் பறந்துபோய் மேலே இருந்த சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. கூடையில் கறிபாப்பை வைப்பதற்கு முன்பே புகை வந்துவிட்டது. பக்கத்தில் சட்டியில் கோழிக் கொத்துக்கறி டாக்கோ மசாலாவோடு வதங்கிக்கொண்டிருந்தது. அறையிலிருந்து ஆன்ட்டியின் குரல்:

“அபி! என்ன எரியுது?”

“பேப்பர், ஆன்ட்டி!”

“பேப்பர் ஸ்மெல் இல்லையே. சீரகம் மாதிரி வருதே.”

முடிந்தது, பெட்டி கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

“டாக்கோ, ஆன்ட்டி. மெக்சிகன்.”

ஆன்ட்டி சமையலறை வாசலுக்கு வந்தார். மூக்கு இரண்டு தடவை விரிந்து சுருங்கியது. முகம் மலர்ந்துவிட்டது. “மெக்சிகனா! அதான் பார்த்தேன், நல்லா இருக்கேன்னு. முன்னாடி சொல்லக் கூடாதா?”

அதே சீரகம். அதே மல்லி. அதே மூக்கு. பாஸ்போர்ட் மட்டும் மாறியிருந்தது, குடிநுழைவு முத்திரை குத்தி உள்ளே விட்டுவிட்டார்கள்.

அதற்குப்பின் நான் சும்மா இருப்பேனா? அந்த வாரம் அலுவலகம் விட்டதும் ஓடிவந்து பரிசோதனைதான். பிராட்டா மாவை முழுக்க இளகவிட்டால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும், வளையும் ஆனால் ஒட்டாது என்கிற கணத்தில் மடித்துவிட வேண்டும். கறி ஈரமாக இருந்தால் அடி நமத்துப்போகும். சூடாக இருந்தால் மாவு அழும். சீஸை ஓரத்தில் வைத்தால் அது வழிந்து வெளியேறி, கூடையில் தனிக்குடித்தனம் போய்விடும், நட்டநடுவில் கட்டியாக வைக்க வேண்டும். விளிம்பை முள்கரண்டியால் அழுத்தி, மேலே முட்டை தடவி, பாதியில் ஒருமுறை திருப்பிவிட்டால் போதும். அடுக்கடுக்காக உப்பி, பொன்னிறமாக வந்து நிற்கும்.

நன்றாக வந்த முதல் கறிபாப்பை ஆன்ட்டிக்குக் கொடுத்தேன். கடித்தார். நொறுங்கிய துகள்களை உள்ளங்கையில் பிடித்து அதையும் வாயில் போட்டுக்கொண்டார். “ஷியோக் லா,” என்றார். ருசித்து ரசிப்பதற்கு இந்த ஊரில் அதற்குமேல் சொல் கிடையாது, ‘லா’ எந்த வாக்கியத்துக்கும் ஒட்டும் வால். உடனே மகளுக்கு வீடியோ அழைப்பு.

“ஷெரில், நீ வாங்கிக் குடுத்த மெஷின்ல அபி டாக்கோ செஞ்சிருக்கா, பாரு.”

“மம்மி, டோன்ட் மேக் யுவர் டெனன்ட் குக் லா,” என்று ஷெரில் ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா தமிழில் பேசுவதும் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் அந்த வீட்டில் சண்டை இல்லாத நாளின் அடையாளம். சண்டை வந்தால் இருவருமே மலாய்க்கு மாறிவிடுவார்கள்.

3

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சமைக்க முடியாத ஓராண்டில் அது எனக்கு ஒரு வகையில் மருத்துவமனை. அங்கே போய்ப் பெரிதாக ஒன்றும் வாங்கமாட்டேன். ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசல் பக்கம் கைப்பேசி பார்ப்பதுபோல நின்று, உள்ளே கடுகு வெடிக்கும்போது மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இந்த முறை அப்படியில்லை. அங்கிருக்கும் தேக்கா சந்தைக்குள் நிமிர்ந்து நடந்து, கோழிக் கொத்துக்கறி கேட்டேன்.

“என்ன தங்கச்சி, கைமா உருண்டையா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணே, டாக்கோ.”

“நல்லா இருங்க,” என்று சொல்லி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா அழைத்தாள். அவளுக்கு விளக்கியது ஒரு தவறு.

“உள்ள என்னட்டி இருக்கு?”

“கறி, வெங்காயம், மசாலா.”

“வெளிய?”

“பரோட்டா மாவும்மா, அடுக்கு அடுக்கா வரும்.”

“அப்ப பப்ஸ்.”

“அம்மா, இது எண்ணெயில்லாம, காத்துலயே...”

“பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்காரன் மட்டும் என்ன, எண்ணெயிலயா போடுதான்? அவனும் அடுப்புக்குள்ள வச்சுத்தான் எடுக்கான். இதுக்குப் போயி சிங்கப்பூருக்குப் போனியாக்கும்?”

“அது வேறம்மா லா.”

“லாவா? யாருட்டி அது?”

இணைப்பைத் துண்டித்தேன். கல்லூரி விட்டதும் அந்த பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நானும் தோழிகளும் முட்டை பப்ஸ் தின்று, பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக இன்னொரு பப்ஸ் தின்றது உண்மைதான். அப்போதெல்லாம் பப்ஸை நான் மதித்ததே இல்லை. கடல் தாண்டி வந்து, மின்சாரம் செலவழித்து, மெக்சிகோ வழியாகச் சுற்றி அதே பப்ஸிடம் வந்து நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அன்று மாலை ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய ஜெபக் குழுவினர் வீட்டுக்கு வருகிறார்கள். “எப்பவும் வெளிய பொட்டலம் வாங்கிடுவேன். இந்த வாட்டி உன் டாக்கோ. பிலோவும் வருவா. ரூம் விஷயம் அதுக்கப்புறம் பேசிக்கலாம், என்ன?”

“என்ன” என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது நேர்முகத் தேர்வு அழைப்பு.

4

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். மேலாளரிடம் ‘குடும்ப விஷயம்’ என்று சொன்னதில் பெரிய பொய் இல்லை. சந்தையிலிருந்து வாங்கிவந்த நல்ல கோழிக்கறியில், வாங்கிவைத்த டாக்கோ மசாலா மொத்தத்தையும் கொட்டி, சுண்ட வதக்கி, ஆறவைத்து, பெரிய பாத்திரம் நிறையத் தயாராக வைத்திருந்தேன். ஆன்ட்டி தேவாலயத்தில் சிலுவைப் பாதை வழிபாடு முடித்து வந்தார். பாத்திரத்தின் மூடியைப் பெருமையாகத் திறந்து காட்டினேன்.

“இன்னைக்கு ஸ்பெஷல், ஆன்ட்டி. டபுள் சிக்கன்.”

ஆன்ட்டியின் தோளில் இருந்த பை நழுவி முழங்கைக்கு வந்தது. “அபி. இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“என்ன காலம்?”

சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்து ஒரே காலம்தான். “வெயில் காலம்,” என்றேன்.

“தவக்காலம் டி!”

அந்த ‘டி’யை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறை கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் அவர்கள் இறைச்சியைத் தொடமாட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. அம்மா அன்று முட்டை ஓட்டைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள். நான்தான், கிறிஸ்தவர்கள் வீட்டில் வெள்ளியாவது செவ்வாயாவது, மனம் குளிரக் கோழி போடுவோம் என்று எங்கள் வீட்டு வழக்கத்தை அவர்களுக்காகத் தியாகம் செய்திருந்தேன். சாமிகளே பேசிவைத்துக்கொண்டு என்னை மாட்டிவிட்டதுபோல இருந்தது.

“மீன்னா பரவால்லையா, ஆன்ட்டி? சார்டின் டின்...”

“எங்களுக்கு ஓகே. பிலோ தவக்காலம் முழுக்க சைவம். அவதான் முதல்ல எடுத்துக் கடிச்சுப் பார்ப்பா.”

காய்கறிக் கூடையில் உருளைக்கிழங்கு இருந்தது. அதை மைக்ரோவேவில் போட்டு வேகவைத்து மசித்தோம். உருளையும் பிராட்டாவும் ரெடி. காரத்துக்கு ஒன்றுமில்லை. டாக்கோ மசாலா முழுவதும் கோழியோடு போய்விட்டது. ஆன்ட்டியின் சம்பாலில் இறால். மணியோ ஓடிக்கொண்டிருந்தது.

“வேற மசாலா ஒண்ணுமே இல்லையா வீட்டுல?” என்று அலமாரிகளைத் திறந்து மூடினார். இதே பெண்மணிதான் இந்த வீட்டில் மசாலா இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர். நான் தரையைப் பார்த்தேன்.

“இருக்கு, ஆன்ட்டி. பெட்டியில.”

அறைக்குப் போய், பெட்டியைத் திறந்து, துண்டை அவிழ்த்து, பைக்குள் இருந்த பைக்குள் இருந்த பையை எடுத்துவந்து கொடுத்தேன். ஆன்ட்டி முடிச்சை அவிழ்த்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் முகத்தை எடுக்கவே இல்லை. திட்டு விழப்போகிறது என்று நான் பின்னால் நகர்ந்தேன்.

“இத ஏன் பெட்டிக்குள்ள வச்சிருக்க?”

“லைட் குக்கிங், ஆன்ட்டி.”

“மசாலாவ யாராச்சும் துணியோட வைப்பாங்களா? கடுகு?”

“அதுவும் பெட்டியில.”

“பெருங்காயம்?”

“...பெட்டியில.”

“கஸ்டம்ஸ்ல உன்ன எப்படி விட்டாங்க?” என்றார். “போ, எல்லாத்தையும் எடுத்துட்டு வா.”

நான் தூளை அப்படியே கிழங்கில் தூவப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“பச்சையாவா போடுவ? தாளி.”

“தாளிக்கவா?”

“பின்ன? எனக்கு மட்டும் தெரியாதா?”

ஓராண்டுக்குப் பிறகு எண்ணெயில் கடுகு போட்டேன். அது வெடித்ததும் இரண்டு பேருமே மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டோம். கறிவேப்பிலை இல்லை, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டேன். தூள் விழுந்ததும் நெடி கிளம்பி இருவருக்கும் தொண்டை கமறியது. இருமிக்கொண்டே நான் அடுப்புக்கு மேலிருந்த ஜன்னலுக்குக் கையை நீட்டினேன். ஆன்ட்டி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தொறக்காத! எதிர் வீடு!”

அங்கே எதிர் பிளாட்டின் சமையலறையும் இதுவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும். ஆன்ட்டி இருமலுக்கு நடுவே சொன்னார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், எதிரே ஒரு பெண்மணி இருந்தாராம். இவர் குழம்பு வைக்கும் நாளெல்லாம் அந்த ஜன்னல் டமாலென்று சாத்தப்படும். பிறகு புகார். பிறகு ஓர் அதிகாரி வந்து, மரியாதையாகத்தான், கொஞ்சம் பார்த்துச் சமைக்கச் சொல்லிவிட்டுப் போனார். “சம்பாலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல மா. எல்லா வீட்டுலயும் உண்டு. கொழம்புக்குத்தான். அதுக்கப்புறம் கொழம்பு வேணும்னா வெளிய வாங்கிக்கிறதுன்னு ஆயிடுச்சு.”

“அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களா?”

“எப்பவோ வித்துட்டுப் போயிட்டாங்க.”

“இப்ப யாரு இருக்காங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல தொறந்தாத்தானே தெரியும்!”

சொல்லிவிட்டு அவரே ஜன்னலைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, நெடியில் சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியும், இருந்தும் அடக்க முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வழிய ஜன்னல் கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். அது அசையவில்லை. அதற்குள் அழைப்புமணி அடித்துவிட்டது.

5

ஏர் ஃபிரையர் கூடையில் ஒரு தடவைக்கு நாலைந்துதான் பிடிக்கும். வரவேற்பறையில் ஜெபமாலை நடந்தது, உள்ளே நான், மேலே முட்டை தடவாமல், மடித்துக்கொண்டிருந்தேன். ஜெபமாலையில் பத்து மணிகளுக்கு ஒரு பிரிவு, இரண்டு பிரிவு சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஈடு வெந்துவிடும் என்று சீக்கிரமே பிடிபட்டது. அதற்குப்பின் மெஷினின் மணியைப் பார்க்கவே இல்லை. பிரிவின் முடிவில் வரும் திரித்துவப் புகழ் ஒருமுறை கேட்டதும் திருப்பிவிட்டு, மறுமுறை கேட்டதும் கூடையை இழுத்தேன். இவ்வளவு பக்தியோடு நான் எதையும் சமைத்ததில்லை.

தட்டைக் கொண்டுபோய் வைத்ததும், சொன்னதுபோலவே பிலோ ஆன்ட்டிதான் முதலில் எடுத்தார். கடித்தார். மென்றார். கறிபாப்பின் உள்ளே உற்றுப் பார்த்தார்.

“தெரசா, மெக்சிகோவுல கடுகு போடுவாங்களா?”

அறையில் எல்லோரும் கறிபாப்பைப் பார்த்தார்கள். நான் டிஷ்யூவைப் பார்த்தேன்.

“போடுவாங்க லா,” என்றார் தெரசா ஆன்ட்டி, கண்ணிமைக்காமல். “கத்தோலிக்க நாடு தானே.”

அதைக் கேட்டு நாலைந்து தலைகள் ஆமோதித்தன. பிலோ ஆன்ட்டி இரண்டாவதை எடுத்தார். ஓர் அங்கிள் மெக்சிகோ சாப்பாடு இவ்வளவு வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். இன்னொருவர், இதில் பெருங்காயம் மாதிரி ஏதோ மூலிகை இருக்கிறது, வாயுவுக்கு நல்லது என்றார். தட்டு காலியாகி, துகள்களும் காலியாயின.

தேநீரோடு பிலோ ஆன்ட்டி விஷயத்துக்கு வந்தார். நான் கோப்பைகளை அடுக்குவதுபோல அங்கேயே நின்றேன். “அந்தப் பிள்ளை நாளைக்கு ரூம் பார்க்க வரட்டுமான்னு கேட்குது. நல்ல பிள்ளை, தெரசா. அடுப்புப் பக்கமே போகாது. கிச்சன் இருக்கான்னுகூட அதுக்குத் தெரியாது.”

தெரசா ஆன்ட்டி தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

“அப்ப எனக்கு யாரு தாளிச்சுக் குடுப்பா? ரூம் காலி இல்ல லா, பிலோ.”

அவ்வளவுதான். என் ஒப்பந்தம் அந்த வாக்கியத்தில் புதுப்பிக்கப்பட்டது. விருந்தினர் போனபின் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி குழம்புத் தூளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, சம்பாலுக்குப் பக்கத்தில், முன் வரிசையில் வைத்தார். “கர்ட்டன மாசத்துக்கு ஒரு வாட்டி நீதான் தோய்ச்சுப் போடணும்,” என்றார். எங்கள் வீட்டு லைட் குக்கிங்குக்கு இப்போது இதுதான் அளவுகோல்.

பாத்திரம் நிறையக் கோழி மிச்சம் இருந்தது. சனிக்கிழமை இருவருமாக அதைத் தீர்த்தோம். சீஸ் வைத்த டாக்கோ, அசல். ஆன்ட்டி ஒன்று தின்று, “பரவால்ல, ஆனா என்னவோ குறையுது,” என்றார். மெக்சிகோவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இந்த ஞாயிறு சுறாப் புட்டு. சுறாவை அவித்து உதிர்த்து, வெங்காயம் நிறையப் போட்டு உலர வதக்கி, பிராட்டா மாவுக்குள் வைத்து மடிப்பதாகத் திட்டம். ஈரம் எவ்வளவு விடும், மாவு தாங்குமா என்று தெரியவில்லை. இரண்டு மூன்று கிழியும், கிழியட்டும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஏர் ஃபிரையருக்கு எண்ணெய் வேண்டாம், ஆன்ட்டியின் ஜன்னலுக்கு வேண்டும். கீலெல்லாம் துரு. இன்று ராத்திரியே தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன், காலையில் நான் கைப்பிடியை இழுக்க வேண்டும், ஆன்ட்டி சட்டத்தைத் தட்ட வேண்டும் என்று பேச்சு. அது திறந்தால், எதிரே யார் இருந்தாலும் அவர்களுக்கும் ஒரு தட்டு. இது என்ன என்று கேட்டால் மெக்சிகோவை இழுக்கப் போவதில்லை.